தட்டில் வந்த எஞ்சின்

ஜெர்மனியின் டியூரன் நகரத்திலும் அதைச் சுற்றியும் தமிழர் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் மைக் என் கையில்தான் இருக்கும். என்னை யாரும் நியமிக்கவில்லை. 1994இல் ஒரு கலியாணத்துக்கு வரவேண்டிய அறிவிப்பாளர் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் வரும்வரைக்கும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என்னிடம் தந்தார்கள். அவர் வந்து சேர்ந்த பிறகும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கிழமை நாளில் பார்சல் வான் ஓட்டுகிறேன், சனி ஞாயிறில் பேசுகிறேன். பெயர் பீலிக்ஸ். சபையைச் சிரிக்க வைப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்வார்கள். ஐந்தாவது ஆள் நான்.

ஆனால் இங்கே எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, யோகலிங்கத்தைப் பற்றி. என் மனைவி அன்ரனிற்றா, "அந்தாளைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன முகம் இருக்கு?" என்று கேட்டாள். ஒரு முகமும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

யோகண்ணைக்கு என்னைவிட நாலு வயது கூட. காகித ஆலையில் வேலை. அங்கே ஆள் உயரத்துக்கு உருளும் காகிதச் சுருளில் ஒரு கிழிசல் விழாமல் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டிலும் சபையிலும் அதே மாதிரிதான், பேச்சுக் குறைவு. விருந்துகளில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோறு முடியப்போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்து அடுத்த சட்டியைத் தூக்கிவருபவர் அவர். யாரும் அவருக்கு நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மைக் வைத்திருந்த நானும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து ரயில்கள். நிஜ ரயில் அல்ல, நிஜத்தை எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கிய மாதிரி ரயில். மாதிரி ரயில் என்றவுடன் கடையில் வாங்கி வட்டமாகச் சுற்றவிடும் விளையாட்டுச் சாமானை நினைக்கவேண்டாம். அவர் வைத்திருந்தது சதர்ன் பசிபிக் என்ற ஒரே கம்பெனியின் பாதை. அதிலும் கலிபோர்னியாவிலிருந்து மலை ஏறி நெவாடாப் பாலைவனத்துக்குள் இறங்கும் பகுதி மட்டும். அதிலும் 1952ஆம் ஆண்டு மட்டும். 1953இல் வந்த ஒரு பெட்டியை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

சாவகச்சேரியில் பிறந்த ஆளுக்கு நெவாடா எங்கிருந்து வந்தது என்று நானும்தான் கேட்டேன். 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்குக்கு வந்தவரை டியூரன் அகதி முகாமில் விட்டார்களாம். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை, தாண்டினால் அபராதம். நகர நூலகம் மட்டும் சூடாகவும் இலவசமாகவும் இருந்தது. ஜெர்மன் வாசிக்கத் தெரியாததால் படப் புத்தகம் எடுத்தார். அதில் ஒரு பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"தொண்ணூற்றிரண்டு பெட்டி," என்றார் என்னிடம். "ஒவ்வொருநாளும் போய் எண்ணுவன். அந்தப் படத்தில ஒரு வேலி இல்லை, பொலிஸ் இல்லை. அது தன்ரை பாட்டில போகுது."



இந்தப் பைத்தியம் வெளியே யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி வனஜா அக்கா. நிலவறையில் இரண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு. அதற்குள்தான் நெவாடா. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் ஜெர்மன்காரர்களின் சங்கத்துக்குப் போவார். அமெரிக்க மேற்கு ரயில்களை மட்டும் ஓட்டுகிற சங்கம் அது. யாராவது வீட்டுக்கு வந்து எங்கே அண்ணை என்று கேட்டால், "அவருக்கு வேலையில போர்ட்பில்டுங்," என்பார் அக்கா. வேலைப் பயிற்சி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மரியாதை. பத்து வருடமாகப் பயிற்சி எடுத்தும் இந்த மனுசன் ஏன் இன்னும் அதே இயந்திரத்தில் நிற்கிறார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அக்காவைக் குறை சொல்லமாட்டேன். நாற்பது தாண்டிய குடும்பஸ்தன் ரயில் ஓட்டி விளையாடுகிறான் என்று ஒரு வீட்டில் தெரிந்தால் அடுத்த நாள் பாரிஸில் தெரியும், அதற்கடுத்த நாள் டொராண்டோவில் தெரியும். மகள் சாரங்கா வளர்ந்துகொண்டு வருகிறாள். தகப்பன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று தாய் பயப்பட்டார்.

எனக்குத் தெரியவந்தது 2003இல். அவர்கள் இருந்த கட்டடத்தில் குழாய் வெடித்து நிலவறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த தெருவில் இருப்பவன் நான், வானும் இருக்கிறது. யோகண்ணை தொலைபேசியில், "பீலிக்ஸ், ஒருக்கா வாரும். ஒருத்தருக்கும் சொல்லாமல் வாரும்," என்றார். முழங்கால் தண்ணீரில் நின்று இருவரும் நெவாடாவைத் துண்டு துண்டாகத் தூக்கினோம். ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டர் நீளப் பலகை. அதில் தண்டவாளம், மணல், தந்திக்கம்பம், ஒரு தண்ணீர்த்தொட்டி. கடைசித் துண்டை ஏற்றியபிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மை நம்பித்தான் கூப்பிட்டனான்," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அந்த அறைக்குப் போய்வந்தேன். இதை மறைக்காமல் சொல்லவேண்டும். அரை மணி இருப்போம் என்று போவேன், அன்ரனிற்றா தொலைபேசி எடுத்துத் திட்டும்வரை இருப்பேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு அட்டை உண்டு. அட்டையில் ஒரு சீட்டு: என்ன சரக்கு, எங்கிருந்து, எங்கே, யாருக்கு. சலினாஸ் கீரை, ஒரிகன் மரம், லொடை திராட்சை. பெட்டிக்குள் ஒரு இலைகூடக் கிடையாது. "உள்ளுக்க ஒண்டும் இல்லை, பிறகெதுக்கு அண்ணை கடதாசி?" என்று நான் பகிடி பண்ணினேன். "கடதாசி இருந்தால்தான் பெட்டி போகலாம்," என்றார் அவர். "கடதாசி சரியெண்டால் ஒருத்தரும் மறிக்கேலாது."

நானும் ஓட்டினேன். திராட்சைப் பெட்டி பதினெட்டை மலை ஏற்றி, பக்கப் பாதையில் ஒதுக்கி, எதிரே வரும் பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். அது ஒழுங்காகக் கடந்துபோனபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பார்சல் வான் ஓட்டி ஒருநாளும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

அங்கே ஒரு எஞ்சின் இருந்தது. பித்தளையில் கையால் செய்தது, கறுப்புச் சாயம். நீராவி எஞ்சின்களில் ஓட்டுநர் இருக்கும் அறை பின்பக்கம்தான் இருக்கும். இதில் முன்பக்கம். அந்த மலைப்பாதையில் சுரங்கங்கள் அதிகம், புகை ஓட்டுநரைத் திணறடிக்கும் என்று அந்தக் கம்பெனிக்காரர் எஞ்சினையே திருப்பிப் போட்டுச் செய்தார்களாம். யோகண்ணை பதினோரு வருடம் தேடி அதை எடுத்தார். என்னை மற்றதெல்லாம் தொடவிட்டவர், அதை மட்டும் தானே தூக்கிவைப்பார்.

2005 ஜூனில் சாரங்காவுக்குச் சாமத்திய வீடு. பெண் பெரியபிள்ளையானதற்கு எடுக்கும் விழா. தொழிற்பேட்டைக்குள் ஒரு மண்டபம், முந்நூற்றைம்பது பேர், மைக்குக்கு நான். காலையில் யோகண்ணை சாவிக்கொத்தைத் தந்து, "நிலவறைக்க குத்துவிளக்கு இருக்கு, எடுத்துக்கொண்டு வாரும்," என்றார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்தான் விளக்கு இருந்தது. எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கையில் இருந்தது முழுச் சாவிக்கொத்து.

அன்று என்னிடம் புதுப் பகிடி ஒன்றும் இருக்கவில்லை. அதற்கு முந்தின கிழமை ஒரு பிறந்தநாளில் சொன்னதெல்லாம் பழசாகிவிட்டது, அதே ஆட்கள்தான் இங்கேயும் வருவார்கள். அந்தக் கவலையோடுதான் கதவைத் திறந்தேன். எஞ்சின் அதன் பஞ்சுப் பெட்டிக்குள் படுத்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். எல்லாரும் சிரிப்பார்கள், யோகண்ணையும் சிரிப்பார், ஒரு இரகசியம் கலகலப்பாக முடிந்துவிடும் என்று யோசித்தேன். பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் விழாக்களில் பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி மேடைக்கு வருவார்கள். பழத் தட்டு, பூத் தட்டு, பலகாரத் தட்டு, சொக்லேட் தட்டு. ஒவ்வொன்றும் வலைத்துணியால் மூடியிருக்கும். ஒவ்வொரு தட்டும் வரும்போது அது என்ன என்று நான் மைக்கில் சொல்வேன். பத்தாவது தட்டில் பயற்றம் பணியாரம் வந்தது. பதினோராவது தட்டின் வலையை நானே தூக்கினேன்.

"இது பழமுமில்லை, பலகாரமுமில்லை," என்றேன். "இது எங்கட யோகண்ணையின்ரை போர்ட்பில்டுங்! நீங்களெல்லாம் அவர் சனிக்கிழமையில படிக்கப் போறார் எண்டு நினைச்சனீங்கள். அவர் நிலவறைக்க அமெரிக்கா போய் வாறார். அதுவும் இந்த எஞ்சினில! இதுக்கு முன் எது, பின் எது எண்டு ஓட்டுறவருக்கே தெரியாது!"

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. தட்டு ஏந்தியிருந்த பெண்ணும் சிரித்தாள். சிரித்ததில் தட்டு சரிந்து எஞ்சின் வழுக்கி மேடை விளிம்பில் விழுந்தது. யோகண்ணை பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்து அதை இரண்டு கையாலும் எடுத்தார். எஞ்சினின் ஏணி ஒன்று முறிந்திருந்தது. அதன் மணி, அரிசியளவு பித்தளை மணி, கழன்று எங்கேயோ உருண்டுவிட்டது. அவர் முழங்காலிட்டு, அறுகம்புல்லுக்கும் ரோசா இதழுக்கும் நடுவில் விரலால் தடவித் தேடினார்.

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"யோகண்ணை என்ன தேடுறார் எண்டு ஆருக்கும் தெரியுமோ?" என்றேன் மைக்கில். "தண்டவாளம் துலைஞ்சு போச்சாம்!"

இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக வந்தது. அவர் ஒருமுறை தலை நிமிர்ந்து மேடையில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு எழும்பி, எஞ்சினைச் சால்வைக்குள் சுற்றி வைத்துவிட்டு, விழா முடியும்வரை வந்தவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டு நின்றார். சோறு முடியப்போகும்போது அடுத்த சட்டியும் வந்தது. அவர்தான் தூக்கிவந்தார்.

காரில் போகும்போது அன்ரனிற்றா, "நீங்கள் சபையைச் சிரிக்க வைக்கேல்லை. அந்த மனுசனை உரிச்சு நிப்பாட்டிப்போட்டீங்கள்," என்றாள். பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாதவள் என்று அவளிடம் சண்டை பிடித்தேன்.

விழாவைப் படம் பிடித்த டிவிடி மூன்று கிழமையில் வந்தது. வீடியோக்காரர் கெட்டிக்காரர், யோகண்ணையின் முகத்தைக் கிட்டவாக எடுத்திருந்தார். நான் அதை என் வீட்டுச் சோபாவில் இருந்து பார்த்தேன். ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய் வீடியோக்காரரிடம் அந்தப் பகுதியை வெட்டச் சொன்னேன். "நாப்பது கொப்பி போட்டாச்சு அண்ணை, கனடா, லண்டன், பாரிஸ் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்," என்றார். "அதோட, முழு வீடியோவிலயும் நல்ல இடமே அதுதானே?"

டொராண்டோவிலிருந்து வனஜா அக்காவின் தமையன் தொலைபேசி எடுத்து, ரயில் எத்தனை மணிக்கு வெளிக்கிடுது என்று கேட்டாராம். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் சாரங்காவுக்கு 'கூ' என்று ஊதிக் காட்டினார்களாம். வனஜா அக்கா என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார். யோகண்ணை மட்டும் வழக்கம்போல் தலையாட்டிவிட்டுப் போவார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்ரனிற்றா தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறாள். ஒக்டோபரில் அவளை ஏற்றப் போனபோது வாசலில் சாரங்கா நின்றாள். அப்பா எப்படி என்று கேட்டேன்.

"அப்பா இப்ப ரெயில் ஓட்டுறேல்லை மாமா. சனிக்கிழமையிலயும் சோபாவிலதான் இருக்கிறார்," என்றாள். பிறகு சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு, "அண்டைக்கு அப்பா வேற ஒருத்தரையும் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தவர். நானும் சிரிச்சனான்," என்றாள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை. தகப்பனைப் பார்த்துச் சிரித்த பாரத்தை அவளுக்குத் தூக்கிக் கொடுத்தது நான். அன்றிரவு முழுக்க எனக்கு அந்த வார்த்தைதான்.

எப்படியாவது இதைச் சரிக்கட்ட வேண்டும் என்று நினைத்தேன். மைக் பிடித்துப் பழகியவனுக்கு மைக்தானே தெரியும். 2006 தைப்பொங்கல் விழாவில், நாட்டியம் முடிந்து சாப்பாடு தொடங்குமுன், மேடையேறினேன். யோகண்ணை மூன்றாவது வரிசையில் இருந்தார். "இண்டைக்கு நான் பகிடி சொல்ல வரேல்லை. யோகலிங்கம் அண்ணையிட்ட இந்தச் சபைக்கு முன்னால மன்னிப்புக் கேக்க வந்தனான்," என்றேன்.

சபை சிரித்தது. நான் தொடங்கினாலே சிரிக்கப் பழகிய சபை. "உண்மையாத்தான் சொல்லுறன்," என்றேன், இன்னும் சிரித்தது. பின்னால் ஒருவர் வாயில் விரலை வைத்து ரயில்போல் ஊதினார். ஏழு மாதத்தில் மறந்துபோயிருக்கக்கூடிய ஒன்றை நானே கிண்டியெடுத்து நடுச்சபையில் வைத்துவிட்டேன். யோகண்ணை எழும்பி, கதிரையை ஒழுங்காகத் தள்ளிவைத்து, குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் மேடையால் இறங்கியபோது வனஜா அக்கா முன்னால் வந்து நின்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினார். "இத்தனை வருஷமும் அவரைப் பற்றி வெக்கப்பட்டது நான்தான் தம்பி. அதுக்கு நான் அவரிட்டத் தனிய மன்னிப்புக் கேட்டிட்டன். உங்களுக்கும் கேக்கவேணும் எண்டால் அந்த மைக்கை வச்சிட்டு வீட்டை வாங்கோ."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போனேன். கீழே நிலவறையில் இருக்கிறார் என்றார் அக்கா. கதவு திறந்துகிடந்தது. யோகண்ணை பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். சங்கத் தலைவர் ஹார்ட்மூட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாராம். ஏப்ரலில் வரும் கூட்டத்தில் கடைசியாக ஒருமுறை ஓட்டிவிட்டு அங்கேயே கொடுத்துவிடப் போகிறாராம். இருபது வருடச் சேகரம்.

"அண்ணை, என்னை மன்னிக்கவேணும்," என்றேன். மைக் இல்லாமல் என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "சனம் சிரிச்சால் காணும் எண்டு நினைச்சிட்டன்."

அவர் கையில் இருந்த பெட்டியைச் சுற்றி முடித்தார். "சனம் சிரிச்சதுக்கு எனக்குக் கோவமில்லை பீலிக்ஸ். வேட்டியோட ஒருத்தன் நிலத்தில தவழ்ந்தால் நானும் சிரிப்பன்," என்றார். "ரண்டு வருஷம் நீரும் இங்க வந்து ஓட்டினனீர். திராட்சை ரெயில் உம்மட ரெயில். மேடையில அதைச் சொல்லேல்லையே நீர். என்னை மட்டும் கொண்டுபோய் அங்க விட்டிட்டீர்."

பொங்கல் விழாவிலும் நான் அதைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும்போதுகூட, நானும் அந்த அறையில் பிள்ளைபோல் சந்தோஷமாக இருந்தவன் என்பதை என் வாய் மறைத்துவிட்டது. அவருடைய இரகசியத்தை விற்ற நான், என்னுடையதைப் பத்திரமாக வைத்திருந்தேன். நின்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நானும் கடதாசி எடுத்துச் சுற்றத் தொடங்கினேன்.

"குடுத்திடாதேங்கோ அண்ணை," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஏப்ரலுக்கு வான் தேவைப்படும்," என்றார் அவர்.

கூட்டம் ஐபல் மலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. முப்பது பேர் தங்கள் பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று திருகிப் பூட்டினார்கள். மண்டபத்தின் நீளத்துக்கு மூன்று முறை வளைந்து போனது பாதை. சுவரில் ஒரு மணிக்கூடு, நாலு மடங்கு வேகமாக ஓடுவது. அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: ரயில் ஓட்டுகிறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு அங்குலம் நகர்த்தக் கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தொலைபேசி. அதில் கூப்பிட்டால் பக்கத்து அறையில் தனியாக இருக்கும் கட்டுப்பாட்டாளர் பாதை தருவார். அங்கிருந்து ஒரு ரயிலும் அவர் கண்ணுக்குப் படாது. முன்னால் ஒரு தாள் மட்டும். யார் எங்கே நிற்கிறார், எங்கே சந்திப்பார் என்பதெல்லாம் தலைக்குள் இருக்கவேண்டும்.

அந்த அறையில் இருந்தவர் யோகண்ணை. பத்து வருடமாக அவர்தானாம்.

ஆள் குறைந்ததால் எனக்கும் ஒரு சரக்கு ரயில் தந்தார்கள். ஒரு பாலைவன நிலையத்தில் நின்று தொலைபேசியை எடுத்தேன். "பக்கப் பாதையில் ஒதுங்கவும். இலக்கம் இருபத்தெட்டு போகும்வரை காத்திருக்கவும். திருப்பிச் சொல்லவும்," என்றது அவருடைய குரல், ஜெர்மனில், அமைதியாக. திருப்பிச் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் அறுபது வயது மனிதர் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதியாம், அவரும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு "புரிந்தது" என்றுவிட்டு அசையாமல் நின்றார். அரை மணிக்குமேல் நின்றோம். சும்மா நின்றால் எனக்கு வாய் துறுதுறுக்கும். ஒரு பகிடியும் வந்தது. நீதிபதியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். பின்னேரம்வரை நாற்பத்தொரு ரயில்கள் ஓடின. ஒன்றும் ஒன்றோடு முட்டவில்லை. எல்லாம் முடிந்ததும் ஆட்கள் அந்த அறை வாசலுக்குப் போய்க் கைதட்டினார்கள். யோகண்ணை காதுக்குப் பின்னால் பென்சிலோடு வெளியே வந்து, சாமத்திய வீட்டில் நின்றதுபோலவே கைகூப்பினார்.

பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஹார்ட்மூட் பட்டியலோடு வந்தார். பெரிய மனிதர், தாடி. எந்தப் பெட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றுவது என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

யோகண்ணை காதுக்குப் பின்னால் இருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். அவர் பெட்டிகளைக் காட்டிவிட்டால் அந்த அறையை வெறுமையாக்கியவன் நான்.

"அடுத்த கூட்டம் எப்போது?" என்று கேட்டார்.

"செப்டம்பரில்."

"அப்படியென்றால் செப்டம்பருக்குப் பிறகு பார்ப்போம்," என்றார். ஹார்ட்மூட் பட்டியலை மடித்து மடித்து மிகச் சிறிதாக்கிச் சட்டைப்பையில் வைத்தார். சந்தோஷத்தில் நான் இருவரையும் பார்த்து இளித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஹார்ட்மூட் என்னைக் கவனித்தார். யோகண்ணையின் தோளில் கைவைத்து, "இவர் யார், உன் நண்பரா?" என்று கேட்டார்.

யோகண்ணை என்னைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. ஒரு சீட்டில் எழுதியிருப்பதை வாசித்துச் சரிபார்க்கும் பார்வை.

"இல்லை," என்றார். "தெரிந்தவர். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தவர்."

நான் ஹார்ட்மூட்டுக்குக் கைகொடுத்து என் பெயரைச் சொன்னேன். பிறகு பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினேன். பதினேழு பெட்டிகள் இருந்தன.